ஏழும் எட்டும் வராத நம்பர்

ஜூன் 10, செவ்வாய்

இன்று என் போன் மீது கார் ஏறியது. வேறு யாருடைய காரும் இல்லை, நான் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் பள்ளிக் கார்தான். ஓட்டியவர் ஸாரி சார்.

ஸாரி சார் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கிளச்சை மிதித்தால் ஸாரி, விட்டால் ஸாரி, நாய் குறுக்கே வந்தால் நாயிடமும் ஸாரி. ரிவர்ஸ் எடுக்கும் பாடம். நான் வழக்கம்போல் இறங்கி, மைதானத்தின் கோடியில் நின்று கையசைத்தேன். பையிலிருந்து போன் நழுவியதைக் கவனிக்கவில்லை. "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்று கூப்பிட்டதும் நானேதான். வந்தார். மூன்று வாரமாகக் கோணல் மாணலாக ரிவர்ஸ் எடுத்த மனிதர், இன்று நூல் பிடித்தது போல நேராக வந்தார்.

இறங்கிப் பார்த்தார். அந்த ஒரு முறைதான் அவருக்கு ஸாரி வரவில்லை.

மண் தரை என்பதால் போன் சாகவில்லை. கண்ணாடி முழுக்க விரிசல். என் முகத்தைப் பார்த்ததும் பூட்டு திறக்கிறது, மேல் பாதி சொன்னபடி கேட்கிறது. கீழ்ப் பக்கம் மட்டும் மரத்துப்போய்விட்டது. தொட்டால் கல்.

"ரிவர்ஸ் எப்படி இருந்துச்சு மேடம்?" என்று கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. பிரமாதமாக இருந்தது என்றேன்.

ஜூன் 11, புதன்

பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் போன் கடை. கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், டாக்டர்கள் உறவினரிடம் பேசுவதற்கு முன் பார்ப்பார்களே, அப்படி.

"ஸ்க்ரீன் மாத்தற காசுல ஒரு புது ஆண்ட்ராய்டே வாங்கிடலாம் மேடம்."

"இதே மாதிரி ஐபோன்?"

விலையைச் சொன்னார். நான் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மாலையில் குட்டிக்கு டிரைவிங் பள்ளி ஓனர் போனிலிருந்து பேசினேன். மகள் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள், உலக விஷயங்களில் எனக்கு அவள்தான் நிபுணர். "அம்மா, நீ ஆண்ட்ராய்டுக்கு மாறப்போறியா? நீ ஷாம்பூவே மாத்த மாட்டியே" என்றாள். புருஷனையே மாற்றியவள், போனை மாற்ற மாட்டேனா என்று கேட்டேன். "மாத்தலைம்மா, விட்டுட்டே. மாத்தறதுன்னா இன்னொண்ணு வாங்கணும்" என்றாள். பெற்ற பிள்ளை.

ஜூன் 14, சனி

வாங்கிவிட்டேன். கடையில் இருந்ததிலேயே மலிவுக்கு ஒரு படி மேல். நீல நிறம். பழையதைவிடப் பெரிது, கையில் பிடித்தால் முறம் மாதிரி இருக்கிறது. சிம்மைக் கடைக்காரரே மாற்றிப் போட்டார். பெயர்களும் படங்களும் தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"படமெல்லாம் முக்கால்வாசி போன்ல இல்லை மேடம். மேல இருக்கு" என்றார்.

நான் மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கவுண்டில் இருக்கிறதாம். அங்கிருந்து இங்கே கொண்டுவர ஒரு ஆப் இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் செய்யுங்கள், பழைய போனில் ஒரு கோடு, அதாவது ரகசிய நம்பர், கேட்கும், அதைப் போட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார். "சுலபம்தான்" என்றார். கிளச்சைப் பற்றி நானும் முதல் நாள் அப்படித்தான் சொல்வேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோடு கேட்டது. ஆறு இலக்கம். "47 என்று முடியும் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறோம்."

47 என்னுடையது இல்லை.

யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்த அக்கவுண்டைத் திறந்தது குட்டியின் அப்பா. குட்டி சின்னவளாக இருந்தபோது இந்த மாதிரி விஷயமெல்லாம் அவர் கையில்தான். "உனக்கு இதெல்லாம் புரியாது, கொடு." கொடுத்தேன். அவருடைய நம்பரைப் போட்டுத் திறந்து கொடுத்தார். நானும் இத்தனை வருஷம் அதிலேயே படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். வீட்டைப் பிரித்தோம், பாத்திரத்தைப் பிரித்தோம், இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

குட்டியிடம் கேட்டேன். "அப்பா அந்த நம்பரை விட்டு ரொம்ப நாளாச்சும்மா. அது இப்போ அத்தைகிட்ட இருக்கு."

அத்தை என்றால் அவள் அப்பாவின் அக்கா. என் நாத்தனார். நாத்தனாராக இருந்தவர்.

நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூன் 16, திங்கள்

பார்க்கவில்லை. புது போனில் ஒரு பெயரும் இல்லாததால் நாளெல்லாம் ஒரே கூத்து. யார் கூப்பிட்டாலும் வெறும் நம்பர். "யாரு?" என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் சிரமம் கொடுக்கவில்லை. "ஸாரி மேடம்" என்று ஆரம்பித்தார், தெரிந்துவிட்டது.

அதோடு இந்த போனின் பழக்கமே வேறு. ஓரத்தில் விரல் பட்டால் பின்னால் போய்விடுகிறது. வேறு கம்பெனி வண்டியில் ஏறி இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடுமே, அந்தக் கதைதான். மழையே இல்லாமல் நாளெல்லாம் வைப்பர் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

பேசிவிட்டேன்.

முதலில் அக்காவைப் பற்றி எழுதிவிடுகிறேன். அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி வீட்டிலேயே இருந்தார். நாத்தனார் கொடுமை என்று எல்லோரும் என்னைப் பயமுறுத்தி அனுப்பினார்கள். அந்த வீட்டில் நான் சிரித்ததில் பாதி அவரால்தான். சிரிக்காமலே ஜோக் அடிப்பார். பிரிந்த நாளில் கோர்ட்டு வராந்தாவில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி பக்கம் நின்றுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் கூப்பிடவில்லை. நானும் இல்லை. இரண்டு வருஷம்.

மதிய இடைவேளையில், காரை மர நிழலில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன்.

"நான்தான்."

"சொல்லு."

"உங்க போனுக்கு இப்போ ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும்."

"வந்திருக்கு. யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கான்."

"எனக்குச் சொல்லலாம்."

"நீ நீதான்னு நான் எப்படி நம்பறது? இப்போல்லாம் குரலையே மாத்திப் பேசறாங்களாமே. குட்டி பொறந்தப்போ எவ்வளவு எடை?"

"மூணு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. நீங்கதான் தராசுல வெச்சீங்க."

"சரி, நீதான்." குரலில் சிரிப்பே இல்லை. "எட்டு, ரெண்டு, ஏழு—"

எட்டை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் உறைத்தது. பழைய போனின் கீழ்ப் பக்கம் மரத்துக் கிடக்கிறது. ஏழு, எட்டு, ஒன்பது, பூஜ்யம் நாலும் அங்கேதான் இருக்கின்றன. போனைப் படுக்க வைத்தாலும் அந்தத் திரை திரும்ப மறுக்கிறது. நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ ஆறுக்கு மேலயும் பூஜ்யமும் இல்லாம ஒரு நம்பர் வரணும்" என்றார். "வரும். இல்லேன்னா இன்னொண்ணு கேளு."

இன்னொன்று கேட்டேன். ஒன்பது. இன்னொன்று. பூஜ்யத்திலேயே ஆரம்பித்தது. அடுத்தது கேட்டதும், அதிகமாகக் கேட்டுவிட்டீர்கள், நாளைக்கு வாருங்கள் என்று போனே கதவைச் சாத்திவிட்டது.

"நாளைக்கு இதே நேரம்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது போல.

ஜூன் 19, வியாழன்

நேற்றும் இன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பேச்சு கொஞ்சம் நீள்கிறது.

"மூச்சை இழுத்துப் பிடி, நம்பர் சொல்றேன்" என்று ஆரம்பிக்கிறார். நானும் உண்மையாகவே பிடித்துக்கொள்கிறேன். "நாலு, ரெண்டு, அஞ்சு, ஒண்ணு, மூணு..." ஐந்து வரைக்கும் வந்துவிட்டது. ஐந்து. "எட்டு. விட்டுடு மூச்சை."

கோடு வருவதற்குள் இருக்கும் இடைவெளியில் ஆஸ்பத்திரிக் கதை சொன்னார். மார்பு எக்ஸ்ரே எடுக்க வந்த ஒருவர், சீப்பைக் கேட்டு வாங்கித் தலை சீவிக்கொண்டு, மீசையையும் முறுக்கிக்கொண்டு நின்றாராம். "நானும் ஒண்ணும் சொல்லலை. எடுத்ததும் காட்டினேன். நல்லா வந்திருக்குன்னு சந்தோஷமாப் போனார்."

காரில் தனியாக உட்கார்ந்து நான் சிரிப்பதைப் பார்த்து ஓனர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

அக்கா இந்த இரண்டு வருஷம் எப்படி இருந்தார் என்று கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆறு இலக்கம் கிடைத்துவிட்டால் இந்தப் பேச்சும் முடிந்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. சீக்கிரம் கிடைக்கக் கூடாது என்றும். என்ன பைத்தியக்காரத்தனம்.

ஜூன் 21, சனி

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால் சரியாகும்.

வழக்கம்போல் கூப்பிட்டேன். இரண்டு முறை எட்டு வந்தது. நடுவில் அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டது உனக்கு நல்லா இருக்கு. திரும்ப வளர்த்துடாதே."

முடி வெட்டி ஒரு வருஷம் இருக்கும். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் இல்லை. அந்த மௌனம் எனக்குத் தெரியும். ஒருத்தர் தப்பான கியர் போட்டுட்டு, போட்டதும் தெரிஞ்சு, கையை எடுக்க முடியாம இருப்பாங்களே, அது.

பிறகு சொன்னார். தம்பி வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பழைய டேப்லெட் அவரிடம் இருக்கிறது. அது இன்னும் அந்த அக்கவுண்டில்தான் இருக்கிறது. நான் எடுக்கும் படமெல்லாம் அதிலும் போய் விழுகிறது. பிரிந்த அன்றிலிருந்து. எல்லாம்.

எல்லாம்னா? என் வீடு, என் சமையலறை, என் முதுகுல வந்த தடிப்பை டாக்டருக்குக் காட்ட எடுத்தது, எல்லாம். ரெண்டு வருஷமா நான் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்தே கிடந்திருக்கு. குட்டி அப்பாவும் பார்த்தாரா? அந்த வீட்டுல உட்கார்ந்து எல்லாரும் பார்த்தாங்களா? இவங்க தினமும் எனக்கு எக்ஸ்ரே ஜோக் சொன்னாங்களே, அப்போ என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுதானே சொன்னாங்க?

வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எடுக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

குட்டி பேசினாள். "எனக்கும் தெரியாதும்மா, சத்தியமா. அத்தை என்கிட்ட அழுதாங்க" என்றாள். அக்கா அழுது நான் பார்த்ததில்லை. நம்பவில்லை. பிறகு நம்பினேன். பிறகு, அழட்டும் என்று நினைத்தேன்.

படங்களை விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. புது போன், புதுக் கணக்கு, ஒரு படமும் இல்லாமல். குட்டியின் முதல் பல் விழுந்தது, அவள் சைக்கிளிலிருந்து விழுந்தது, அவள் ஹாஸ்டலுக்குப் போன அன்று பஸ் ஜன்னலில் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம். முடியாது. அதற்கு அந்த ஆறு இலக்கம் வேண்டும். அதற்கு அவர் வேண்டும்.

இன்று நாலு வகுப்பு. யாரும் எதன் மீதும் ஏற்றவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஓனர் காலையில் சொன்னார்: "புது ஆள் ஒருத்தங்க சேர்ந்திருக்காங்க. உங்க வண்டிலதான் கத்துக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

மைதானத்துக்குப் போனால், அக்கா. ஆஸ்பத்திரிச் சேலையில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. தலை நன்றாக நரைத்திருந்தது.

"ஃபீஸ் கட்டியிருக்கேன். இறக்கிவிட முடியாது" என்றார்.

ஏறச் சொன்னேன். சீட்டை முன்னால் தள்ளச் சொன்னேன். கண்ணாடியைச் சரிசெய்யச் சொன்னேன். கிளச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்று பாட்டு பாடினேன். குரல் மற்றவர்களுக்கு வருவது போலத்தான் வந்தது. மைதானத்தை இரண்டு சுற்று சுற்றியதும் பின்பக்கத்து அமைதியான தெருவுக்குப் போகச் சொன்னேன். முதல் நாளில் யாரையும் தெருவுக்கு அழைத்துப்போக மாட்டேன். மைதானத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி பார்க்கலை" என்றார், ரோட்டை விட்டுக் கண் எடுக்காமல். "அந்த டேப்லெட்டை அவன் தொட்டதே இல்லை. மெதுவா இருக்குன்னு என்கிட்ட தூக்கிப் போட்டான்."

"ரெண்டாவது கியர்."

போட்டார். "ஒரு நாள் திறந்தேன். நீ ஒரு வீட்டு வாசல்ல நின்னுட்டிருந்தே, பூட்டோட. வாடகை வீடுன்னு புரிஞ்சுது. மூடி வெச்சுட்டேன். மறுநாள் திரும்பத் திறந்தேன்."

"இடது பக்கம் ஆள் வராங்க, பாருங்க."

"பார்த்துட்டேன். கேட்காம பார்த்தது தப்பு. அதுல பேச்சே இல்லை. நிறுத்தணும்னு நெனைப்பேன். நீ நல்லா இருக்கியான்னு மட்டும் பார்த்துட்டு மூடிடலாம்னு திறப்பேன்."

கேட்கக் கூடாது என்று இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அழுத மாதிரி ஒரு போட்டோ இருக்குமே. அதையுமா?"

வண்டி குலுங்கி நின்றது. பின்னால் லாரிக்காரர் ஹார்ன் அடித்தார்.

அந்தப் படம் அந்த வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் எடுத்தது. சாமான் வந்து சேரவில்லை, முகம் பார்க்கக் கண்ணாடி இல்லை. காலையில் வகுப்புக்குப் போக வேண்டும், கண் வீங்கியிருப்பது தெரிகிறதா என்று பார்க்க போனில் எடுத்துப் பார்த்தேன். அவ்வளவுதான். அழிக்க மறந்துவிட்டேன்.

"அதையும்தான்" என்றார்.

"அதைப் பார்த்துட்டு ஒரு போன் பண்ணலையே அக்கா."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஐந்து நாளாக நான் கொதித்தது அவர் பார்த்ததற்காக இல்லை. முதுகுத் தடிப்புக்காகவும் இல்லை. அன்றைக்கு இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்து அழுதேன். ஒருத்தருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்த போன் அடிக்கவில்லை.

லாரிக்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். போகும்போது ஏதோ சொன்னார்.

"போனை எடுத்தேன்" என்றார் அக்கா. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தது, பத்து மணி, இரண்டு மணி நிலையில், நான் சொல்லிக்கொடுத்தபடி. "உன் நம்பர் வரைக்கும் போனேன். யாருன்னு சொல்லிப் பேசறது? நாத்தனார்னா? அது கோர்ட்டுல ரத்தாயிடுச்சு. அவனைத் திட்ட நெனைச்சா நான் அவன் அக்காதானே. என்னைத் திட்டினா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு. திட்டினா தாங்கிக்கலாம். ராங் நம்பர்னு வெச்சுட்டா?"

"நான் அப்படி வெச்சிருப்பேனா?"

"இப்போ அஞ்சு நாளா எடுக்கலையே."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குட்டி சொன்னது நிஜம்தான்.

"நியூட்ரல் போடுங்க" என்றேன். "கிளச்சை முழுசா மிதிச்சு, சாவியைத் திருப்புங்க. ஸ்டார்ட் ஆகும்."

ஆயிற்று. மைதானத்துக்குத் திரும்பினோம். எனக்கு ஆறிவிட்டது என்று எழுத முடியாது. இறங்கும்போது, "நாளைக்கு மதியம் நம்பர் கேட்கறேன்" என்றேன். தலையை ஆட்டினார்.

ஜூன் 27, வெள்ளி

"மூச்சை இழுத்துப் பிடி."

பிடித்தேன்.

"ரெண்டு. அஞ்சு. ஒண்ணு. ஒண்ணு. நாலு." நிறுத்தினார்.

"அக்கா, சொல்லுங்க."

"ஆறு."

போட்டேன். பச்சை டிக் வந்தது. வந்துவிட்டது என்றேன். அந்தப் பக்கம் யாரிடமோ, "கொஞ்சம் இருங்க, சட்டையை இப்போ கழட்ட வேணாம்" என்று சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "சந்தோஷம்மா" என்றார்.

இரண்டு பேருக்கும் வைக்க மனசில்லை. வைக்கத்தான் வேண்டியிருந்தது, ஒரு நோயாளி பாதிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சார்ஜ் போட்டுவிட்டுத் துணி துவைத்தேன், தரை துடைத்தேன், ஜன்னல் கம்பிகளைக்கூடத் துடைத்தேன். ஒவ்வொரு முறை வந்து பார்க்கும்போதும் குட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தாள். மாலைக்குள் கல்லூரி சேர்ந்துவிட்டாள்.

பெயர்களும் வந்துவிட்டன. பல் டாக்டர், காஸ் கடை, பழைய வீட்டு பிளம்பர். எல்லாரும் சுகம்.

கடைசியில் புது போன் ஒரு யோசனை சொன்னது. பழைய அக்கவுண்டை எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றிவிடலாமா? ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

விரலை வைத்துவிட்டு எடுத்தேன். அக்காவைக் கூப்பிட்டேன்.

"இதை அமுக்கினா உங்க டேப்லெட்ல எல்லாம் போயிடும்."

"அமுக்கு."

"குட்டி போட்டோல்லாம் போயிடும். சின்ன வயசுது, எல்லாம்."

"அமுக்கும்மா. உன் வீட்டுச் சாவி கேட்காமலே என் இடுப்புல இருந்துச்சு. வாங்கிக்கோ."

அமுக்கினேன். கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. வெள்ளையா இருக்கு." பிறகு, "பரவாயில்லை, மெதுவாத்தான் இருந்துச்சு. இதுல சமையல் வீடியோ பார்த்துக்கறேன்" என்றார்.

குட்டி பல் விழுந்து சிரிக்கும் படத்தைத் தேடி எடுத்தேன். அவர் நம்பருக்கு அனுப்பினேன். அதை எப்படி அனுப்புவது என்று கண்டுபிடிக்க நேரமாயிற்று, மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருந்தது. நானாக அவருக்கு அனுப்பும் முதல் படம். பதிலுக்குக் கட்டை விரல் ஒன்று வந்தது.

ஜூலை 8, செவ்வாய்

போன் பழகிவிட்டது. வைப்பர் ஓடுவதில்லை. நேற்று ஓனரின் ஐபோனை வாங்கி ஒரு நம்பர் போடப் போனால் ஓரத்தைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், பின்னால் போக மாட்டேன் என்கிறது. மனுஷ விரல் எவ்வளவு சீக்கிரம் கட்சி மாறுகிறது.

பேட்டரி இரண்டு நாள் வருகிறது. வெயிலில் திரை தெரியவில்லை. கேமரா எல்லோரையும் கொஞ்சம் சிவப்பாகக் காட்டுகிறது. குட்டி, "இந்த விலைக்கு இது போதும்மா" என்கிறாள். நானும் அதையேதான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு வாரம் மூன்று வகுப்பு. படு மோசமான மாணவி. சந்தில் இறங்குவதற்கு முன் நின்று, இடமும் வலமும் பார்த்து, மீண்டும் இடம் பார்த்து, "மூச்சை இழுத்துப் பிடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிறகு வண்டியை அணைத்துவிடுகிறார். நடுவில் சில நாள் எனக்குப் பழைய கோபம் வந்துவிடும். வந்தால் "கண்ணாடி பாருங்க" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லுவேன். அவருக்குத் தெரியும். பார்ப்பார்.

தன் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. எங்களுக்குப் பேச வேறு விஷயம் நிறைய இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அக்கா பாஸ். அதே நாளில் ஸாரி சாரும் பாஸ். பரிசோதகரிடம் ஸாரி சொல்லிவிட்டு லைசென்ஸ் வாங்கினார்.

அக்கா ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கப்போகிறாராம். "வீட்டுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "வீட்டைக் கேட்டுட்டா வாங்கறேன்" என்றார்.

செப்டம்பர் 3, புதன்

இரண்டு நாளாகக் காய்ச்சல். ஓனரிடம் மட்டும் சொன்னேன். குட்டிக்குத் தேர்வு, அவளிடம் சொல்லவில்லை. காலையில் ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

பத்து மணிக்கு மேல் போன் அடித்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லை. சும்மாதான் பண்ணேன். குரல் ஏன் இப்படி இருக்கு?"

"தூங்கிட்டிருந்தேன்."

"நீ பகல்ல தூங்க மாட்டியே."

வைத்துவிட்டார். நானும் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரு சத்தம். கிளச்சை முழுசாக மிதிக்காமல் கியர் போட்டால் வருமே, பல்லைக் கடிப்பது போல, அது. என் தொழிலில் அந்தச் சத்தம் கேட்டால் தூக்கத்திலும் கால் பிரேக்கைத் தேடும். எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

வெள்ளை கார். இரண்டு வண்டிக்கு நடுவில் நிறுத்தப் பார்க்கிறார். முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய். எதிர் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று கையை ஆட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் தப்பான வழி. "ஸ்டியரிங்கை முழுசா இடது பக்கம் உடைங்க" என்று கத்த வாய் வரைக்கும் வந்துவிட்டது. கத்தவில்லை. நிறுத்திவிட்டார், ஒரு சக்கரம் நடைபாதை மேல். இறங்கி ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். போதும் என்று முடிவு செய்தது முகத்தில் தெரிந்தது. பின் சீட்டிலிருந்து ஃபிளாஸ்கையும் மாத்திரைக் கவரையும் எடுத்துக்கொண்டார். எந்த வாசல் என்று தேடாமல் நேராக வந்தார், படத்தில் பார்த்த வாசல்தானே.

கதவைத் திறந்ததும் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "போய்ப் படு" என்றார். படுத்தபடிதான் இதை எழுதுகிறேன்.

சமையலறையில் டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்கிறது. இந்த வீட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை.

"சர்க்கரையை எங்கே வெச்சிருக்கே?" என்று உள்ளேயிருந்து கேட்கிறார்.